எலியவர்களே, குப்பை போடாதீர்கள்

பயம் வந்தால் மற்றவர்களுக்குக் கை நடுங்கும், நெற்றி வேர்க்கும். எனக்கு வாய் ஓடும். தெரியாததையெல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டு அது பாட்டுக்கு மூடிக்கொள்ளும். அப்புறம் நானும் என் மீதி உடம்பும் உட்கார்ந்து வழி தேட வேண்டியதுதான். நீலசந்திராவில் எங்கள் தெருவுக்கே கன்னடம் படித்துச் சொல்கிறவனாக நான் ஆனது இப்படித்தான்.

பேச்சுக் கன்னடத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த ஊரில் பிறந்தவன், கன்னடத்தில் சண்டை போடுவேன், சமாதானமும் ஆவேன். எழுத்துதான் தகராறு. படித்தது தமிழ் மீடியம். கன்னட எழுத்துக்கும் எனக்கும் இருந்த உறவு, கல்யாண வீட்டில் எங்கேயோ பார்த்த முகத்தைக் கண்டு சிரித்துக்கொள்வோமே, பேர் மட்டும் தெரியாதே, அந்த மாதிரி.

தொண்ணூற்றொன்று கடைசியில் காவிரித் தண்ணீருக்காக ஊர் கொதித்தது. கலவரம் கொஞ்சம் அடங்கி பஸ் ஓட ஆரம்பித்ததும், வேலைக்குப் போகும்போது ஒரு கன்னடப் பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். நான் தமிழன் என்று நெற்றியில் எழுதியிருக்கிறது, பேப்பரால் மறைத்துவிடலாம் என்று எண்ணம். ஒருநாள் பக்கத்தில் இருந்த பெரியவர், “ஏனு விசேஷ?” என்று கேட்டார். “எல்லா சென்னாகிதே” என்றேன், முப்பத்திரண்டு பல்லும் தெரிய. எல்லாம் நன்றாக இருக்கிறதாம். அவர் எட்டிப் பார்த்தார். நான் பிடித்திருந்தது செத்தவர்கள் படம் போடும் பக்கம். அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டார். அது அவருடைய ஸ்டாப்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதே பஸ்ஸில் எங்கள் தெருக்காரர் ஒருவர் இருந்திருக்கிறார். அவருக்கு என் பேப்பர் மட்டும்தான் தெரிந்தது. சாயங்காலம் ஒரு காகிதத்தோடு வந்து, “நீதான் கன்னடம் படிக்கிறியாமே, இத கொஞ்சம் பாரு” என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் விடவில்லை.

அதன்பிறகு பத்து வருடத்துக்கு மேல் நான்தான் தெருவுக்குப் படிப்பாளி. முறை எளிது. காகிதத்தின் நிறத்தைப் பார்ப்பேன், முத்திரையைப் பார்ப்பேன், தேதியைப் பார்ப்பேன். மஞ்சள் என்றால் ரேஷன், சிவப்பு முத்திரை என்றால் கரண்ட், நீல மை என்றால் பள்ளிக்கூடம். கொண்டுவந்தவர் முகத்தை ஒருமுறை பார்த்தால் மீதி தானாக வந்துவிடும். விஷயம் என்ன என்பது அநேகமாக அவர்களுக்கே பாதி தெரிந்திருக்கும். நான் சொன்னது தப்பாகப் போன நாட்களில் அவர்கள் அரசாங்கத்தைத் திட்டினார்கள். என்னைத் திட்டியதே இல்லை.

என் மனைவி ஜோகுபாளையத்துப் பெண். ஏழாவது வரை கன்னட மீடியம். இதை நான் வெளியே சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை. நான் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தலையாட்டும்போது பின்னால் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். என்னைக் காப்பாற்றுகிறாளா, கணக்கு வைத்துக்கொள்கிறாளா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது.

எங்கள் தெருக்கோடியில் ஓடுவது ராஜகால்வாய். அந்தப் பேர் காகிதத்தில் மட்டும். சாக்கடைதான், நாங்கள் மோரி என்போம். ராஜா எந்தக் காலத்தில் அதில் கால் நனைத்தாரோ, அன்றைக்கே ஆட்சியை விட்டிருப்பார். இந்தக் கரையில் நாங்கள், பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். அந்தக் கரையில் கன்னடக்காரர்களும் பாய் வீடுகளும். நடுவில் குறுக்கே போட்ட ஒரு சிமெண்ட் பலகை. எங்கள் கரையில் மோரியைப் பார்த்தபடி நீளமாக ஒரு சுவர், அதற்கு முன்னால் ஒரு நடைபாதை. அந்தச் சுவரடிதான் ஊருக்கே குப்பைத்தொட்டி. மழை வந்தால் குப்பை மோரியில் இறங்கும், மோரி அடைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் ஏறும். ஒரு மழையில் தையல்கார அக்கா வீட்டு மெஷினின் மிதிகட்டை வரை தண்ணீர் வந்துவிட்டது.

அக்கா என்று தெருவே கூப்பிட்டாலும் என்னைவிடச் சின்னவள். ஜாக்கெட் தைக்கிறவள், வாயில் ஊசி இருந்தாலும் பேச்சு நிற்காது. தண்ணீர் வடிந்த மறுநாள் அவள்தான் பெண்களைக் கூட்டினாள்.

“சாமி படம் ஒட்டுனா போடமாட்டாங்கன்றாங்க. அதையும் ஒட்டிப் பாத்தாச்சி, சாமி மேலயே போட்டாங்க. சொவுத்த அழகு பண்ணிடலாம். அழகா இருக்கற எடத்துல போடறதுக்கு மனசு வராது.”

“எனக்கு வரும்,” என்றான் பெயிண்டர். வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவன், சுவர் என்றால் அவன் இல்லாமல் முடியாது.

“உன்ன யாரு கேட்டா? நீ பிரஷ்ஷ எடுத்துகினு வா.”

தனியாகப் பெயிண்ட் ஒன்றும் வாங்கவில்லை. வீட்டுக்கு வீடு பரணில் கிடந்த மிச்ச டப்பாக்கள் வந்தன. அதனால் சுவர் முழுக்க எங்கள் தெருவின் உள்ளறைகள்தான்: ஒரு வீட்டுப் படுக்கையறை ரோஸ், ஒரு வீட்டுப் பிஸ்தா பச்சை, யாரோ வாசல் கேட்டுக்கு அடித்த கறுப்பு. பெண்கள் கோலம் போடுவதைப்போல சுவரில் புள்ளி வைத்துக் கொக்கும் மயிலும் இழுத்தார்கள். பெயிண்டர் மீன் போட்டான்.

“நடுவுல எழுத்து வேணும்,” என்றாள் அக்கா. “கன்னடத்துல. அந்தக் கரையிலேர்ந்து படிக்கணும், வண்டியில வந்து கொட்றவனும் படிக்கணும். ‘இல்லி கச ஹாக்கபேடி’, அவ்ளோதான். அண்ணா எழுதட்டும்.”

இங்கே குப்பை போடாதீர்கள். மூன்றே வார்த்தை. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் வாய், “எந்த சைஸ்ல?” என்று கேட்டது.

அன்றைக்குச் சாயங்காலமே, அதே வாசகம் எழுதிய ஒரு சுவரைத் தேடிப் போனேன். கஷ்டமே இல்லை, ஊரில் எங்கே குப்பை குவிந்திருக்கிறதோ அங்கே அந்த வாசகம் இருக்கும். மார்க்கெட் பின்னால் ஒன்று கிடைத்தது. குப்பை அந்த எழுத்துகளின் பாதம் வரை ஏறி, முட்டைக்கோஸ் இலையெல்லாம் வரியின்மேல் சாய்ந்து கிடந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு கல்யாணப் பத்திரிகையின் முதுகில் ஒவ்வொரு எழுத்தாக வரைந்து எடுத்தேன். இலையைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்திருக்கலாம். அந்த நாற்றத்தில் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வாசல் கேட்டுக் கறுப்பில், ஒவ்வொரு எழுத்தும் என் முழங்கை நீளத்துக்கு எழுதினேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, பத்திரிகையை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு. முடித்துவிட்டுப் பின்னால் வந்து பார்த்தால், சொல்லக்கூடாது, அச்சடித்த மாதிரி இருந்தது. தெருவே கைதட்டியது. என் மனைவி காபியோடு வந்தாள். சுவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“எல்லாம் எழுதிட்டீங்களா?”

“ஆமா.”

“கீழ ஒண்ணும் இல்லியா?”

“கீழ இன்னா? கீழ நடைபாதை.”

“சரி,” என்று டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மத்தியானத்துக்கு மேல் அந்தக் கரையில் சிரிப்பு ஆரம்பித்தது. முதலில் இரண்டு பேர். அப்புறம் வீட்டுக்குள்ளிருந்து ஆள் கூட்டிவந்து காட்டினார்கள். ஒருவர் காமிராவில் படம் எடுத்தார். “இலி, இலி” என்று காதில் விழுந்தது. கன்னடத்தில் இலி என்றால் எலி. நான் குனிந்து காலடியில் தேடினேன். எலி இல்லை. அப்புறம்தான் பெயிண்டரின் மீன் கண்ணில் பட்டது. வால் நீளம், மூக்கு கூர்.

“டேய், உன் மீனப் பாத்துத்தான்டா சிரிக்கிறாங்க. எலி மாதிரி கீது.”

“அண்ணா, அது மீனு. செதில் பாருண்ணா.”

“எலிக்கு சட்டை போட்டா மாதிரி கீது. வால மாத்து.”

பாவம், முனகிக்கொண்டே வாலை விசிறி மாதிரி ஆக்கினான். சிரிப்பு நிற்கவில்லை. செவுள் வைத்தான். இன்னும் அதிகமானது. சிரிப்பு மீனுக்கு இல்லை. அப்படியானால் எழுத்துக்கு. எழுத்தில் நான் என்ன எழுதி வைத்திருக்கிறேன்? அவர்களுடைய பாஷையில், அவர்கள் கண்ணுக்கு எதிரே, முழங்கை நீளத்தில், தெரியாத ஏதோ ஒன்று. கெட்ட வார்த்தையாக இருந்துவிட்டால்? அந்தப் படம் நாளைக்குப் பேப்பரில் வந்தால்? என் ஒருவனால் தெருவே மூட்டை கட்டிக்கொண்டு ஓசூர் பஸ் ஏறுகிற காட்சி ஓடியது. தையல் மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டு அக்கா என்னைத் திட்டிக்கொண்டே போகிறாள்.

வீட்டுக்குள் ஓடி, “நாலு நாள் உங்கம்மா வீட்டுக்குப் போயி இருக்கலாமா?” என்றேன்.

“ஜோகுபாளையத்துக்கா? ஆட்டோல கால் மணி நேரம்.”

“அது போதும்.”

“இன்னா ஆச்சி உங்களுக்கு?”

“ஒண்ணும் ஆகல. ஆகறதுக்குள்ள போலாம்னு பாக்கறேன்.”

அவள் ஜன்னலைக் காட்டினாள். அந்தக் கரையிலிருந்து பலகை மேல் ஒரு அம்மா வந்துகொண்டிருந்தாள். எதிர்க்கரையில் இளநீர் வண்டி வைத்திருக்கிறவள். ஒரு கையில் கூடை. மறுகையில் இளநீர் வெட்டும் அரிவாள், வெயிலில் பளபளவென்று. பின்னால் நாலைந்து ஆண்கள். வியாபாரத்தின் நடுவில் எழுந்து வருகிறவள் அரிவாளை வண்டியில் விட்டுவிட்டு வரமாட்டாள் என்பது இன்றைக்கு எனக்குப் புரிகிறது. அன்றைக்குக் கட்டிலுக்கடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தேன். அரிசி டிரம் இருந்தது. நான் இருக்க இடமில்லை.

வெளியே தடதடவென்று ஒரு சத்தம். அந்த அம்மா சுவரடியில், கொக்கின் காலுக்கு நேரே, கூடை நிறைய இருந்த இளநீர் மட்டைகளைக் கவிழ்த்தாள்.

“ஏம்மா, கண்ணு தெரியலையா?” என்று அக்கா பாய்ந்தாள். “இவ்ளோ பெருசா எழுதிருக்கு, படிக்கத் தெரியாதா?”

“படிச்சிட்டுத்தானே போடறேன்?” அவள் தமிழிலும் கன்னடத்திலும் ஒரே வாயில் பேசுகிறவள். “நோடு, பாரு, இலிக்கு சொல்லிருக்கு. எனக்கு சொல்லல்லா. நானு இலியா? சொல்லு, நானு இலியா?”

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. தெருவைப் பார்த்துக் கத்தினாள். “அண்ணா! வந்து இந்தம்மாவுக்குப் படிச்சிச் சொல்லுங்க, என்னமோ எலி கிலின்றாங்க!”

என் மனைவி என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். மெதுவாகத்தான் தள்ளினாள். ஆனால் தள்ளினாள்.

இரண்டு கரையும் பார்த்துக்கொண்டிருக்க நான் சுவர் முன்னால் போய் நின்றேன். என் எழுத்தை நானே படிக்க வேண்டும். விரலை வைத்து, “இல்லி, கச, ஹாக்கபேடி,” என்றேன், பரீட்சையில் நிற்கிறவன் மாதிரி.

“எல்லிதே ‘இல்லி’? எங்க இருக்கு?” அரிவாள் முனையால் முதல் வார்த்தையைக் காட்டினாள். “ஒத்து எல்லி? ஒத்து!”

ஒத்து என்றால் எங்கள் பேச்சில் நகரு என்று அர்த்தம். நகர்ந்தேன்.

“ஒத்து எல்லி?”

இன்னும் நகர்ந்தேன்.

“ஏய், ஒத்துப்பா! ஒத்து, ஒத்து!”

பின்னாலேயே போய்ப் பிஸ்தா பச்சை டப்பாவில் வலது காலை வைத்தேன். அதற்கு மேல் நகர்ந்தால் மோரி. எதிர்க்கரையில் விசில் பறந்தது.

“அவங்க உங்கள ஒத்தச் சொல்லல,” என்றாள் என் மனைவி. “எழுத்துக்குக் கீழ தொங்கற குட்டி எழுத்துக்கு ஒத்துன்னு பேரு. தமிழ்ல ரெண்டு ‘ல்’ பக்கத்துல பக்கத்துல நிக்கும். கன்னடத்துல ஒண்ணு இன்னொண்ணு காலுல தொங்கும். நீங்க தொங்க விடல. அது இல்லாட்டி ‘இல்லி’ இல்ல. ‘இலி’.”

பெயிண்டர்தான் முதலில் கூட்டிச் சேர்த்துச் சொன்னான்: “எலி... குப்ப... போடாதீங்க.”

அதுவும் மரியாதையாக. எலியவர்களே, குப்பை போடாதீர்கள் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். மார்க்கெட் சுவரில் முட்டைக்கோஸ் இலை மூடியிருந்தது அந்தக் குட்டி எழுத்தைத்தான். குப்பை போடாதே என்று சொன்ன எழுத்தைக் குப்பையே தின்றிருக்கிறது.

“அப்ப என் மீனு மீனுதான்,” என்றான் பெயிண்டர்.

அவனை யாரும் கவனிக்கவில்லை. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, உங்களுக்குக் கன்னடம் படிக்கத் தெரியாதா?”

வாய் திறந்தது. மறதி, வெயில், கண்ணாடி வீட்டில், இது பழைய கன்னடம் என்று நாலைந்து பதில்கள் வரிசையில் நின்றன. ஆனால் ஒரு கால் பெயிண்ட் டப்பாவில் இருக்கும்போது மனிதனால் ஓரளவுக்கு மேல் பொய் சொல்ல முடியாது.

“தெரியாது,” என்றேன்.

“என் பொண்ணு ஸ்கூல்ல லெட்டர் குடுத்தாங்களே, லீவுன்னு சொன்னீங்களே?”

“நீல மை.”

“ரேஷன் கார்டு லெட்டரு?”

“மஞ்ச கலரு.”

“பக்கத்து வீட்டுக்காரருக்குக் கோர்ட்லேர்ந்து வந்துச்சே, பயப்படாதீங்கன்னீங்களே?”

“அவரு ரொம்பப் பயந்துகினு இருந்தாரு.”

அக்கா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. “ஸ்கூல்ல அன்னிக்கி மீட்டிங்ணா. நான் போகல. ஏன் வரலன்னு டீச்சர் எம்பொண்ண நிக்க வெச்சிட்டாங்க,” என்று மட்டும் சொன்னாள். அரிவாளுக்குக்கூட நான் அப்படிக் கூசியதில்லை. ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. என் வாயைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அந்தக் கரை ஆண்கள், “விடுங்க, ஹாகே இர்லி, அப்படியே இருக்கட்டும், சென்னாகிதே” என்றார்கள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “உங்களுக்கு சிரிப்பு. மழ வந்தா என் மெஷினு.” பிரஷ்ஷை எடுத்தாள், எனக்கு நீட்டவில்லை, என் மனைவிக்கு நீட்டினாள்.

அவள் கறுப்பைத் தொட்டு, ஒரு சுழி, ஒரு வளைவு, எழுத்தின் காலடியில் அந்தக் குட்டியைத் தொங்கவிட்டாள். மூன்று விநாடி ஆகியிருக்காது. பத்து வருடம் வெங்காயம் உரித்துக்கொண்டே காத்திருந்த கை அது.

இளநீர் அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள். “ஹா. ஈக நனகே. இப்போ எனக்குத்தான் சொல்லிருக்கு.” மட்டைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “எழுதினவரே எடுக்கட்டும்.”

கூடையை நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு கால் பச்சையாக, பலகையைக் கடந்து அவளுடைய வண்டிக்கு நடந்தேன். இரண்டு கரையிலும் விசில். அவ்வளவு வருடத்தில் அந்தப் பலகையைத் தாண்டி நான் போனது அதுதான் முதல் தடவை.

மட்டைகளை வண்டிக்குப் பின்னால் கொட்டிவிட்டு நழுவப் பார்த்தேன். “நில்லு,” என்றாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து எட்டாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள். “தமிழாவது படிக்க வருமா? இல்ல அதுவும் கலரா?”

வெள்ளைக் காகிதம். நீல மை. தமிழ். அவளுடைய பெண்ணைத் தருமபுரிப் பக்கம் கொடுத்திருக்கிறார்களாம், காதல் கல்யாணம். சம்பந்தியம்மா எழுதிய முதல் கடிதம். இரண்டு வாரமாக இடுப்பிலேயே இருக்கிறது. நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, அக்கம்பக்கத்தில் காட்ட மனசில்லை. “சுள்ளு பேடா,” என்றாள். பொய் வேண்டாம்.

படித்துப் படித்துக் கன்னடத்தில் சொன்னேன். எல்லோரும் சுகம், மழை இல்லை, மாடு கன்று போட்டது. அடுத்த வரியில் நாக்கு நின்றது. “உங்கள் பெண் சாம்பாரில் வெல்லம் போடுகிறாள். வாயில் வைக்க முடியவில்லை.”

இதை எப்படிச் சொல்வது? பழைய பழக்கம் எட்டிப் பார்த்தது: உங்கள் பெண் சமையல் பிரமாதம் என்கிறார்கள் என்று சொன்னால் ஆயிற்று. யாருக்குத் தெரியப்போகிறது? பள்ளிக்கூடத்தில் நின்ற அந்தச் சின்னப் பெண் ஞாபகம் வந்தது. இருந்ததை இருந்தபடி சொன்னேன்.

அவள் முகம் மாறியது. கை அரிவாள்மேல் போனது. “ஓது!” என்று ஒரு அதட்டல்.

கன்னடத்தில் ஓது என்றால் படி. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் என் கால்களுக்கு ‘ஓடு’ என்றுதான் கேட்டது. பலகையின் நடுவில் மூச்சு வாங்கி நின்றபோதுதான் கடிதம் என் கையிலேயே இருப்பதைப் பார்த்தேன். பின்னால் அவள் ஒரு இளநீரைச் சீவிக்கொண்டிருந்தாள். அதற்குத்தான் அரிவாளை எடுத்திருக்கிறாள்.

திரும்பிப் போனேன். அவள் இளநீரை என்னிடம் நீட்டிவிட்டு, கடிதத்தை முகவாயால் காட்டினாள். நான் மீதியைப் படித்தேன்:

“இப்போது என் மகன் வெல்லம் இல்லாத சாம்பாரைத் தொடுவதே இல்லை. எனக்கும் அந்தக் கைப்பக்குவம் வரவில்லை. எவ்வளவு போடுவது என்று நீங்களாவது எழுதுங்கள்.”

“இன்னொரு சலி ஓது,” என்றாள். இன்னொரு தடவை படித்தேன்.